கேமரா இருக்கும்போது கடல் விஞ்ஞானிக்கு பிரஷ் எதற்கு?

கேள்வி இதுதான்: கடல் ஆராய்ச்சியாளர் ஒருவர் ஓவியமும் வரைகிறார், தன் ஆராய்ச்சியையும் சொந்த நினைவுகளையும் அந்தப் படங்களில் சேர்த்தே சொல்கிறார். இதை அறிவியல் என்று எடுத்துக்கொள்வதா, பொழுதுபோக்கு என்று விட்டுவிடுவதா? ஆளுக்கொரு கேமரா வந்துவிட்ட பிறகு கையால் வரைய என்ன அவசியம்? சொந்த நினைவு உள்ளே வந்தால் அறிவியல் கெட்டுவிடாதா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நினைவு கலந்ததால் கெட்டுப்போன அறிவியல் படம் எதையும் நான் பார்த்ததில்லை. அழகாக இருக்கட்டும் என்று ஒழுங்குபடுத்தப் போய்க் கெட்டவை நிறைய உண்டு. வரைந்தவர் உயிரியை நேரில் பார்த்து வரைந்தாரா, மனசில் ஏற்கனவே இருந்த வடிவத்தை அதன்மேல் ஏற்றினாரா என்பதுதான் கேட்க வேண்டியது. இதை இரண்டு பேரை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். ஒருவர் ஆங்கிலேயர் அலிஸ்டர் ஹார்டி. இன்னொருவர் ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் ஹெக்கெல். ஹெக்கெலின் படங்களை நீங்கள் எங்காவது போஸ்டரிலோ டி-ஷர்ட்டிலோ பார்த்திருப்பீர்கள், பெயர் தெரியாமலே. ஹார்டியைக் கடல் உயிரியல் படித்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு ஹார்டிதான் பெரியவர் என்பதால் அவரைப் பற்றி அதிகமாகவே எழுதப்போகிறேன்.

ஹார்டி 1896ல் நாட்டிங்ஹாமில் பிறந்தவர். அப்பா கட்டடக்கலை நிபுணர். வீட்டிலேயே பென்சிலும் வரைபடமும் புழங்கியிருக்கும். 1914ல் ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்தார். அதே ஆண்டு முதல் உலகப்போர். ராணுவத்தில் இருந்தபோது, சாலமன் ஜே. சாலமன் என்ற ஓவியர் அவரை உருமறைப்புப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தார். துருப்புகளையும் தளவாடங்களையும் எதிரியின் கண்ணில் படாமல் வண்ணத்தாலும் நிழலாலும் மறைக்கும் கலை. விலங்கியல் படிக்க வந்த பையனுக்கு வெளிச்சம் கண்ணை எப்படி ஏமாற்றும் என்பதை ராணுவம் சம்பளம் கொடுத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. கடல் மீனின் முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருப்பதற்கும் இதே கணக்குத்தான். மேலே விழும் வெளிச்சத்தை முதுகின் கருமை சரிக்கட்டுகிறது, அடியில் விழும் நிழலை வயிற்றின் வெண்மை சரிக்கட்டுகிறது. உருண்டையான உடம்பு தட்டையாகத் தெரிந்து தண்ணீரோடு தண்ணீராகிவிடும்.

போர் முடிந்து படிப்பையும் முடித்து, 1921ல் லோஸ்டாஃப்ட் என்ற துறைமுக ஊரில் மீன்வள ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஹெர்ரிங் மீன் என்ன தின்கிறது என்று பார்ப்பது வேலை. ஹெர்ரிங் நம்ம ஊர்ச் சாளைக்குச் சொந்தக்கார மீன். கூட்டம் கூட்டமாக வரும், வராவிட்டால் ஊரே பட்டினி. 1924ல் அவர் வெளியிட்ட அறிக்கையில் ஒரு படம் இருக்கிறது. குஞ்சு ஹெர்ரிங் என்ன தின்னும், வளர்ந்தது என்ன தின்னும், அந்த இரைகள் எதைத் தின்னும் என்று ஒவ்வொன்றையும் சின்னச் சின்ன உருவமாக வரைந்து கோடுகளால் இணைத்திருக்கிறார். இன்று பள்ளிப் பாடப்புத்தகத்தில் உணவு வலை என்று குழந்தைகள் வரைகிறார்களே, அதன் முன்னோடிகளில் முக்கியமானது இது. பட்டியலாகப் போட்டிருந்தால் பத்துப் பக்கம் வந்திருக்கும், ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள்.

1925ல் அவர் வாழ்க்கையைத் திருப்பிய பயணம் வந்தது. டிஸ்கவரி என்ற மரக்கப்பல். 1901ல் டண்டீ நகரில், ராபர்ட் ஸ்காட் என்ற துருவப் பயணியின் அண்டார்க்டிக் பயணத்துக்காகக் கட்டியது. அதைத் திமிங்கல ஆராய்ச்சிக்காகச் சீர்செய்து தென்கடலுக்கு அனுப்பினார்கள். தலைவர் ஸ்டான்லி கெம்ப். அதற்குமுன் கல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையில் பல ஆண்டு இருந்தவர். தலைமை விலங்கியலாளர் ஹார்டி. செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது ஒரு வேடிக்கை: தென் அட்லாண்டிக்கில் உள்ள ஃபாக்லாந்துத் தீவுப் பகுதியில் எடுக்கும் திமிங்கல எண்ணெய்மேல் போட்ட வரியிலிருந்து. வேட்டையில் வந்த காசில்தான், திமிங்கலம் எத்தனை மிச்சம் இருக்கிறது, எதைத் தின்கிறது, எங்கே போகிறது என்று பார்க்கப் போனார்கள்.

இங்கேதான் வாட்டர் கலர் பெட்டி உள்ளே வருகிறது. பிளாங்க்டன் என்பது நீரோட்டத்தோடு மிதந்து போகும் உயிர்கள். கண்ணுக்குத் தெரியாத ஒருசெல் பாசியிலிருந்து, துடுப்புக்காலிகள் என்ற பொடி இறாலினங்கள், கூனி அளவு கிரில், சொறி என்று நம் மீனவர்கள் சொல்லும் ஜெல்லிமீன் வரை எல்லாம் இதில் அடக்கம். வலையை இழுத்து, அடியில் உள்ள குடுவையைக் கண்ணாடித் தட்டில் கவிழ்த்தால், முதல் சில நிமிஷம் தட்டு முழுக்க நிறமும் ஓட்டமுமாக இருக்கும். ஒன்றின் முதுகில் சிவப்பு எண்ணெய்த் துளி, இன்னொன்றின் உணர்கொம்பில் ஆரஞ்சு, கண்ணாடி மாதிரி ஒன்றின் ஓரத்தில் வானவில் ஓடும். ஆனால் குளிர்ந்த கடலிலிருந்து வந்தவை அறைச் சூட்டில் நீடிக்காது. ஒவ்வொன்றாக அடங்கிவிடும். பாதுகாக்க வேண்டும் என்று ஃபார்மலின் ஊற்றினால் உருவம் நிற்கும், நிறம் போய்விடும். ஜெல்லிமீன் போலவே இருக்கும் சில சீப்புச்சொறிகளுக்கு உருவமும் நிற்காது. ஃபார்மலினிலேயே கலைந்து காணாமல் போகும்.

விலங்கியல் ஆய்வுக்கூடத்து அலமாரியைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். எல்லா ஜாடியிலும் ஒரே நிறம், பழுப்பும் வெள்ளையும் கலந்த ஒரு சோகை நிறம். இறால், நண்டு, நட்சத்திரமீன் எல்லாம் அதில் சமம். லேபிள் இல்லாவிட்டால் உயிரோடு இருந்தபோது என்ன நிறம் என்று யாராலும் சொல்ல முடியாது. காரணம் வேதியியல். இறால் வகைகளின் நிறத்துக்கு அஸ்டாக்சாந்தின் என்ற செம்மஞ்சள் பொருள் முக்கியக் காரணம். அது புரதத்தோடு கட்டுண்டு இருக்கும்போது நீலமாகவோ பழுப்பாகவோ தெரியும். சூடு பட்டால் கட்டு விட்டு அசல் சிவப்பு வெளியே வரும். குழம்பில் போட்ட நண்டு சிவப்பது இதனால்தான். ஸ்பிரிட்டில் போட்டாலோ அந்த நிறப்பொருளே கரைந்து வெளியே போய்விடும், வெறும் கூடு மிஞ்சும்.

ஆக 1925ல் ஒரு பிளாங்க்டன் உயிரியின் நிறத்தைப் பதிவு செய்ய உருப்படியாக ஒரே வழிதான் இருந்தது. உயிரோடு இருக்கும்போதே, நுண்ணோக்கியில் ஒரு கண்ணும் காகிதத்தில் ஒரு கண்ணுமாக வண்ணத்தில் வரைந்துவிட வேண்டும். வண்ணப் புகைப்படம் அப்போது இருந்தது, ஆனால் அதற்கு வேண்டிய வெளிச்சமும் நேரமும் துள்ளிக்கொண்டிருக்கும் துடுப்புக்காலியிடம் கிடைக்காது. டிஸ்கவரியோ பனிக்கட்டிக்கு ஏற்ற உருண்டை அடிப்பாகம் கொண்ட கப்பல், சாதாரண அலைக்கே பக்கவாட்டில் புரளும் என்று பெயரெடுத்தது. அதில் உட்கார்ந்து, மேஜை ஆட, தண்ணீர்க் கிண்ணம் ஆட, நுண்ணோக்கிக்குக் கீழே உயிரியும் ஆட, ஒரு மில்லிமீட்டர் காலின் நிறத்தைப் பிடிக்க வேண்டும். இதைப் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது தரவு. வேறு எந்தக் கருவியும் எடுக்க முடியாமல்போன அளவீடு.

ஆழ்கடல் இறால் விஷயத்தில் இது இன்னும் சுவாரசியமாகிறது. பல நூறு மீட்டர் ஆழத்திலிருந்து வரும் இறால்கள் சில கப்பல் தளத்தில் ரத்தச் சிவப்பாக இருக்கும். அவ்வளவு ஆழத்தில் சிவப்பு ஒளி போய்ச் சேர்வதே கிடையாது. மேலே சில பத்து மீட்டரிலேயே தண்ணீர் அதை விழுங்கிவிடும். கீழே வரை இறங்குவது நீலம் மட்டும். சிவப்பு உடம்பு நீல ஒளியைத் திருப்பி அனுப்பாது. ஆகவே அதன் சொந்த ஊரில் அந்த இறால் கறுப்பு, கண்ணுக்கே தெரியாது. ஹார்டி வரைந்த சிவப்பு, மேலே வந்தபிறகு மனிதர் பார்த்த சிவப்பு. எது உண்மையான நிறம் என்று கேட்டால், படத்தைச் சிவப்பாகப் போட்டுவிட்டு, அது கீழே ஏன் கறுப்பு என்பதைப் பக்கத்தில் எழுத வேண்டும். வரைந்தவரே விஞ்ஞானியாக இருந்தால்தான் இது ஒழுங்காக நடக்கும். கூலிக்கு வரையும் ஓவியர் பார்த்ததைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். கூலிக்கு எழுதும் எழுத்தாளர் படத்தையே பார்த்திருக்க மாட்டார்.

அந்தக் கப்பலில் வரைந்தவர் ஹார்டி மட்டும் இல்லை. இ. ஆர். குந்தர் என்ற இளம் ஆராய்ச்சியாளரும் ஸ்கெட்ச் போடுவார். இருவரும் சேர்ந்து, அண்டார்க்டிக் பக்கத்துத் தீவான தென் ஜார்ஜியாவைச் சுற்றியுள்ள கடலின் பிளாங்க்டன் பற்றி 1935ல் வெளியிட்ட அறிக்கை அந்தத் துறையில் பெரிய வேலை. அதில் ஹார்டி ஒரு கருத்தை முன்வைத்தார்: பச்சைப் பாசி அடர்ந்த இடத்தில் விலங்குப் பிளாங்க்டன் குறைவாக இருக்கிறது, பாசியை அவை ஒதுக்கி விலகிப்போகின்றன என்று. விலகிப்போகவில்லை, மேய்ந்து தீர்த்துவிட்டதால்தான் விலங்கு இருக்கும் இடத்தில் பாசி குறைவு என்று இங்கிலாந்தின் பிளைமவுத் கடல் ஆய்வகத்தில் இருந்தவர்கள் மறுத்தார்கள். பின்னாளில் மேய்ச்சல் கட்சிக்குத்தான் ஆதரவு அதிகம். கண் நன்றாக இருந்தாலும் விளக்கம் தவறலாம். படம் மட்டும் அப்படியே செல்லுபடியாகிறது, அதில் அவர் கருத்து எதையும் ஏற்றவில்லை.

இப்போது நினைவு. தென் ஜார்ஜியாத் தீவில் கிரிட்விக்கன் என்று ஒரு திமிங்கலத் தொழிற்சாலை. நார்வேக்காரர் கார்ல் ஆன்டன் லார்சன் 1904ல் தொடங்கியது. பக்கத்திலேயே கிங் எட்வர்ட் முனையில் டிஸ்கவரி ஆராய்ச்சியாளர்களுக்கு ஆய்வுக்கூடம். அங்கே நீலத்திமிங்கலத்தைச் சரிவான மரத்தளத்தில் நீராவி வின்ச் போட்டு இழுத்து ஏற்றுவார்கள். நீளக் கைப்பிடி வைத்த வளைந்த கத்தியோடு, வழுக்காமல் இருக்க ஆணி அடித்த பூட்ஸ் போட்டவர்கள் முதுகில் ஏறி நின்று நீளவாக்கில் கீறுவார்கள். வின்ச் சுற்றச் சுற்றக் கொழுப்பு பட்டை பட்டையாக உரிந்து வரும். வயிற்றைத் திறந்தால் டன் கணக்கில் கிரில் கொட்டும். அதற்குள் நின்றுகொண்டுதான் மாக்கின்டோஷ், வீலர் போன்ற சக ஆராய்ச்சியாளர்கள் டேப்பும் நோட்டுமாக அளவெடுத்தார்கள். ஹார்டியும் அங்கே பார்த்ததை ஓவியமாக்கினார்.

அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய 'கிரேட் வாட்டர்ஸ்' என்ற புத்தகம் வெளிவந்தது 1967ல். ஊர் திரும்பி 40 ஆண்டு கழித்து. பழைய நாட்குறிப்பும் பழைய ஓவியங்களும்தான் அதன் முதுகெலும்பு. அது வரும்போது கிரிட்விக்கன் மூடியாகிவிட்டது. தென் ஜார்ஜியாவில் மட்டும் 1904க்கும் 1965க்கும் இடையே ஒன்றே முக்கால் லட்சம் திமிங்கலங்கள் வெட்டப்பட்டன. வெட்ட ஆளிருந்தும் திமிங்கலம் இல்லாமல் தொழில் படுத்தது. அந்த எண்ணை அறிக்கையில் படிக்கிறோம், தலையாட்டிவிட்டுப் போகிறோம். ஹார்டியின் படங்களிலோ அந்தத் தளத்தின் அளவும், மேலே நிற்கும் மனிதன் எவ்வளவு சின்னதாகத் தெரிகிறான் என்பதும் இருக்கின்றன. இளைஞனாக அங்கே நின்றவரின் ஆச்சரியமும் இருக்கிறது, வயதானவரின் சங்கடமும் எழுத்தில் இருக்கிறது. இரண்டும் சொந்த உணர்வுதான். அளவு எதையும் அவை மாற்றவில்லை. யார், எங்கே நின்று, எப்போது பார்த்தார் என்பதைச் சேர்த்துச் சொல்லும் பதிவை எடைபோடுவது எளிது. ஆள் முகமே தெரியாத பதிவை நம்புவதா வேண்டாமா என்பதுதான் சிரமம்.

ஹார்டிக்கு ஓவியம் தெரிந்ததால் அவர் கருவியை ஒதுக்கினார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பெயர் இன்று நிற்பதே ஒரு கருவியால்தான். டிஸ்கவரி பயணத்தில் முதலில் பயன்படுத்தி, பிறகு செம்மைப்படுத்திய பிளாங்க்டன் பதிவுக் கருவி. உலோகத்தாலான நீண்ட பெட்டி. கப்பலின் பின்னால் கயிற்றில் கட்டி, சுமார் 10 மீட்டர் ஆழத்துக்குள் இழுத்துப்போக வேண்டும். மூக்கில் அரை அங்குலச் சதுர ஓட்டை. உள்ளே வரும் தண்ணீர் ஒரு பட்டுத்துணி வழியே வடிகட்டி வெளியேறும். வாலில் உள்ள சின்ன விசிறியைத் தண்ணீரே சுழற்ற, அது பல்சக்கரங்களைச் சுழற்ற, பட்டு மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். இன்னொரு பட்டு மேலே வந்து மூட, இரண்டும் சேர்ந்து ஃபார்மலின் தொட்டிக்குள் சுருண்டுகொள்ளும். மின்சாரம் வேண்டாம், விஞ்ஞானி கூடப் போக வேண்டாம், சரக்குக் கப்பல் மாலுமி தூக்கிப் போட்டால் போதும். ஹல் நகரில் பேராசிரியராக இருந்தபோது 1931ல் வடகடலில் இதைத் தொடர்ந்து ஓட்ட ஆரம்பித்தார். உலகப்போர் நடந்த ஆண்டுகள் தவிர இன்றுவரை ஓடுகிறது. இப்போது பிளைமவுத்தில் இருந்து நடத்துகிறார்கள்.

கவனித்துப் பாருங்கள், அந்தக் கருவியிலும் ஓவியரின் கண் இருக்கிறது. பட்டு கரைக்கு வந்ததும், 10 கடல் மைலுக்கு ஒரு துண்டு என்று வெட்டுவதற்கு முன், ஒருவர் அதை விரித்து வெறும் கண்ணால் பார்ப்பார். எவ்வளவு பச்சை? நிறமே இல்லை, மிக வெளிர் பச்சை, வெளிர் பச்சை, பச்சை. நான்கே படி. நிற அட்டையோடு ஒப்பிட்டு எழுதிக்கொள்வார். பாசி எவ்வளவு என்பதற்கு அதுவே குறியீடு. அதற்குப் பிறகுதான் நுண்ணோக்கியில் எண்ணுவது. செயற்கைக்கோள் கடலின் நிறத்தைப் பார்க்க ஆரம்பிப்பதற்குப் பல பத்தாண்டு முன்பே தொடங்கிய பதிவு இது. இதனால்தான் இன்று பின்னோக்கிப் பார்க்க முடிகிறது. சூடான நீரில் வாழும் துடுப்புக்காலிகள் வடகிழக்கு அட்லாண்டிக்கில் 40 ஆண்டில் அட்சரேகைக் கணக்கில் சுமார் 10 பாகை வடக்கே ஏறிவிட்டன என்று 2002ல் வந்த ஆய்வு இந்தப் பட்டுத்துணிகளை வைத்துச் சொன்னதுதான். 2004ல் பழைய துணிகளை எடுத்துப் பார்த்தவர்கள் 1960களிலிருந்தே பிளாஸ்டிக் துணுக்குகள் அதில் ஏறிக்கொண்டு வருவதைக் கண்டார்கள். பிளாஸ்டிக்கைத் தேடி ஹார்டி கருவி செய்யவில்லை. வந்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும்படி செய்தார்.

1956ல் அவர் எழுதிய 'தி ஓப்பன் சீ' புத்தகத்தின் முதல் பாகம் பிளாங்க்டன் உலகம் பற்றியது. உங்கள் கேமரா கேள்விக்கு அந்தப் புத்தகமே பதில். அதில் வண்ணப் படங்கள் ஹார்டி உயிருள்ள மாதிரிகளைப் பார்த்துப் போட்டவை. கூடவே டக்ளஸ் வில்சன் என்ற பிளைமவுத் ஆராய்ச்சியாளர் எடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். வில்சன் சாதாரண ஆள் இல்லை, உயிருள்ள பிளாங்க்டனைப் படமெடுப்பதில் அன்று அவருக்கு நிகர் குறைவு. கேமராவில் அசைவும் கூட்டமும் கிடைத்தன. பிரஷ்ஷில் நிறமும், ஒரே நேரத்தில் ஃபோகஸில் நிற்காத எல்லாக் கால்களும் கிடைத்தன. சண்டையே இல்லை. இரண்டையும் ஒரே அட்டைக்குள் வைத்தார்கள்.

அந்தக் குடும்பமே அப்படி. ஹார்டியின் மாமனார் வால்டர் கார்ஸ்டாங்கும் விலங்கியலாளர். கடல் இளம்புழுக்களைப் பற்றி எதுகை மோனையோடு கவிதை எழுதுவார். அவர் இறந்தபிறகு 1951ல் அவை தொகுப்பாக வந்தன, முன்னுரை ஹார்டி. மருமகன் வண்ணம், மாமனார் பாட்டு. சாப்பாட்டு மேஜையில் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் சில நேரம் யோசிப்பதுண்டு. ஹார்டியே பிற்காலத்தில் மனிதன் ஒரு காலத்தில் நீரில் வாழ்ந்த குரங்கு என்ற கருத்தை 1960ல் கிளப்பிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். அது தனிக் கதை.

ஹெக்கெலுக்கு வருவோம். 1834ல் போட்ஸ்டாமில் பிறந்தவர். மருத்துவம் படித்தவர். 1859ல் இத்தாலிக்குப் போனபோது ஹெர்மான் அல்மர்ஸ் என்ற கவிஞரோடு சேர்ந்து காப்ரித் தீவில் வரைந்துகொண்டு, அறிவியலை விட்டுவிட்டு நிலக்காட்சி ஓவியராகிவிடலாமா என்றுகூட யோசித்தார். பிறகு மெசினாத் துறைமுகத்தில் வலையில் வந்த ரேடியோலேரியா அவரைத் திருப்பியது. கண்ணாடிப் பொருளான சிலிக்காவில் கூடு கட்டிக்கொள்ளும் ஒருசெல் உயிர். 1862ல் அவற்றைப் பற்றிய பெரிய நூல். அதே ஆண்டு அன்னா சேத்தே என்ற உறவுப்பெண்ணோடு திருமணம். 1864 பிப்ரவரி 16, அவருடைய முப்பதாவது பிறந்தநாள் அன்று அன்னா இறந்துபோனார். உடைந்துபோய் மத்தியதரைக் கடற்கரைக்குப் போனவர், அங்கே தண்ணீரில் ஒரு ஜெல்லிமீனைப் பார்த்தார். அதன் இழைகள் அன்னாவின் பொன்னிறக் கூந்தலை நினைவுபடுத்தின. மித்ரோகோமா அன்னே என்று பெயர் வைத்தார். பல ஆண்டு கழித்து இன்னொன்றுக்கு அவள் முழுப் பெயரையும் கொடுத்தார்: டெஸ்மோனேமா அன்னாசேத்தே. 1899க்கும் 1904க்கும் இடையே பகுதி பகுதியாக வெளிவந்த அவருடைய 'இயற்கையின் கலை வடிவங்கள்' தொகுப்பில் எட்டாவது தட்டு, அதாவது எட்டாவது முழுப்பக்கப் படம், அதுதான். நீண்டு சுழன்று தொங்கும் இழைகள். இதற்குள் அவர் மறுமணம் செய்து குழந்தைகளும் பெற்றுவிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது மனைவி அந்தத் தட்டைப் பார்த்து என்ன நினைத்தாரோ.

பெயரில் நினைவு இருக்கிறது, படத்திலும் இருக்கிறது. அதனால் அந்த ஜெல்லிமீனின் உறுப்பு எதுவும் இடம் மாறவில்லை. ஹெக்கெலிடம் இடிப்பது வேறு. அவருக்கு இயற்கை சீராக இருக்க வேண்டும். தட்டின் நடுவில் பெரியது, நான்கு மூலையில் நான்கு, இடமும் வலமும் சமம். உடைந்த கூடு, வளைந்த முள், நோஞ்சான் உயிரி எதற்கும் அங்கே இடமில்லை. அடால்ஃப் கில்ட்ச் என்ற கல்லச்சுக் கலைஞரின் கை வேறு அதை மெருகேற்றியது. பார்க்க அற்புதம். 1900 பாரிஸ் கண்காட்சியின் நுழைவாயிலை ரெனே பினே என்ற கட்டடக்கலைஞர் ரேடியோலேரியா வடிவத்தில் கட்டும் அளவுக்கு அற்புதம். ஆனால் அதை வைத்து ஒரு உயிரி எப்போதும் இப்படித்தான் இருக்கும் என்று மாணவர் ஒருவர் நம்பிவிட்டால், வலையில் வரும் நிஜ உயிரியை அவருக்கு அடையாளம் தெரியாது.

அந்த ஆசையின் மோசமான பக்கமும் உண்டு. 1868ல் வந்த நூலில் நாய், கோழி, ஆமை மூன்றின் கருக்களும் ஆரம்பத்தில் ஒன்றுபோல இருக்கும் என்று காட்ட, ஒரே மர அச்சை மூன்று முறை அச்சிட்டுவிட்டார். பாசல் நகர விலங்கியலாளர் ரூட்டிமையர் கண்டுபிடித்துச் சொன்னார். அடுத்த பதிப்பில் ஹெக்கெல் திருத்திக்கொண்டார், கறை போகவில்லை. அங்கே சொந்த நினைவோ பாசமோ எதுவும் இல்லை. கோட்பாடு முதலில் வந்தது, பார்ப்பது பின்னால் வந்தது.

அதே மனிதர் 1881–82ல் இலங்கைக்கு வந்து, தெற்கே வெலிகமவில் பல வாரம் தங்கிக் கடல் உயிர்களைச் சேகரித்தார். ஓய்வில் நிலக்காட்சிகளை வாட்டர் கலரில் போட்டார். அந்த இலங்கை ஓவியங்கள் 1905ல் புத்தகமாக வந்தன. தென்னை, பாறை, காட்டு மரம். அவருடைய அறிவியல் தட்டுகளைவிட அவை எனக்குப் பிடிக்கும். கிளை கோணலாக இருந்தால் கோணலாகவே விட்டிருக்கிறார். நிரூபிக்க எதுவும் இல்லாத இடத்தில் அவர் கண் நேர்மையாக இருந்தது.

இதைப் படிக்கும் நம்மூர் விலங்கியல் மாணவர்கள் ஹெக்கெலைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். ரெக்கார்டு நோட்டு ஞாபகம் இருக்கிறதா? மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடு இருக்கும், அதில் ஏதோ மங்கலாக ஒன்று தெரியும். நாம் வரைந்ததோ சீனியர் ரெக்கார்டைப் பார்த்து. சீனியர் வரைந்தது அவருடைய சீனியரைப் பார்த்து. வலப்பக்கம் நேர்கோட்டில் லேபிள், கீழே ஸ்டென்சில் எழுத்து, ஆசிரியர் கையெழுத்து. ஸ்லைடில் அந்தப் புழுவின் பாதி உடம்பு கிழிந்திருக்கும், ரெக்கார்டில் மட்டும் முழுப் புழு. நாமும் ஒழுங்குபடுத்தித்தான் மார்க் வாங்கினோம்.

கேமரா பற்றி இன்னும் கொஞ்சம். இன்றும் புதிய துடுப்புக்காலி இனம் ஒன்றை விவரிக்கிறவர், நுண்ணோக்கியில் தெரிவதைக் காகிதத்தின்மேல் விழுவதுபோலக் காட்டும் வரைகுழாயை மாட்டி, ஐந்தாவது காலில் உள்ள முள் எத்தனை, எந்தப் பக்கம் என்று கோட்டோவியமாகத்தான் போடுகிறார். புகைப்படத்தில் மேல்முள் தெரிந்தால் அடிமுள் மங்கும், மேலே ஒட்டிய தூசியும் முள்ளாகத் தெரியும். வரைபவர் ஃபோகஸை ஏற்றி இறக்கி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, எது முள் எது தூசி என்று முடிவெடுத்து வரைகிறார். அந்த முடிவுதான் அறிவியல். அதைக் கேமரா எடுப்பதில்லை. தவறாக எடுத்தால் தவறு அவருடையது, கையெழுத்தும் அவருடையது.

அதனால் நீங்கள் கேள்விப்பட்ட அந்த ஓவியரின் படத்தைப் பார்க்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். எதிரே வைத்து வரைந்ததா, வேறு படத்தைப் பார்த்தா? உயிரோடு இருந்ததா, ஜாடியில் இருந்ததா? எங்கே, எந்தத் தேதியில்? மூன்றுக்கும் பதில் இருந்தால், ஓரத்தில் அவர் தன் பாட்டியின் வீட்டு முற்றத்தையே வரைந்திருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. நல்லவர்கள் பெரும்பாலும் இதைப் படத்தின் மூலையில் பென்சிலில் எழுதியே வைத்திருப்பார்கள்.

நீங்களே முயன்று பார்க்க ஆசை என்றால் பெரிய ஏற்பாடு வேண்டாம். காற்றில்லாத காலையில், படகில் போகும் மீனவர் யாரிடமாவது சொல்லி, ஒரு வாளி கடல்நீரை மெல்லிய நைலான் துணியில் வடிகட்டி, துணியில் தங்கியதைக் கண்ணாடிக் கிண்ணத்தில் அலசி எடுங்கள். கறுப்புக் காகிதத்தின்மேல் வைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் வெறும் கண்ணுக்கே துள்ளுவது தெரியும். லென்ஸ் இருந்தால் நல்லது. ஸ்பிரிட், ஃபார்மலின் எதுவும் ஊற்றாதீர்கள். பென்சிலை அப்புறம் எடுக்கலாம், முதலில் நிறத்தை எழுதிக்கொள்ளுங்கள், அது முதலில் போய்விடும். வரைந்து முடித்ததும் கிண்ணத்து நீரைக் கடலிலேயே ஊற்றிவிடுங்கள்.